பழைய காமிராவும் புதிய போனஸும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்து சேருமுன்பே மனக்கணக்கில் செலவாகி விடுகிறது என்பது திருப்பூர்வாசிகள் நன்கு அறிந்த விஷயம். தாயார் புடவையை நினைக்கிறார். தகப்பனார் கடன்காரரை நினைக்கிறார். பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையருகே நின்று சம்பாதிக்கும் பிள்ளையோ, இப்பொழுதெல்லாம் பழைய பிலிம் காமிரா ஒன்றை நினைக்கிறான்! "கையில்தான் செல்போன் இருக்கிறதே, அதில் விழாத படமா இதில் விழப்போகிறது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆயிரம் படம் எடுத்து, ஒன்றையும் திரும்பிப் பாராதவனைக் காட்டிலும், முப்பத்தாறே படம் எடுத்து முப்பத்தாறையும் பத்திரப்படுத்துகிறவனுக்குக் கண் கூர்மையாகிறது. ஆகையால் ஆசையை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆசைக்குப் பின்னால் வரும் கணக்கைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம்.

வாலிபர்கள் விரும்பும் இந்தக் காமிராவுக்கு ரேஞ்ச்பைண்டர் என்று பெயர். அதன் முகத்தில் ஒன்றுக்கொன்று சற்று விலகிய இரண்டு ஜன்னல்கள் உண்டு. கண்ணை வைத்துப் பார்த்தால், நடுவிலுள்ள சிறு கட்டத்தில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக அவ்விரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான கணமே குறி சரியான கணம். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுவதும் ஏறக்குறைய இவ்விதமே.

சினிமாப் பிலிமைக் கொண்டு சிறிய காமிரா செய்யலாம் என்று கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கர் பர்னாக். அவருடைய லைக்கா 1925-ஆம் வருஷம் லைப்சிக் சந்தையில் வெளிவந்தது. லென்ஸுடன் இணைந்த ரேஞ்ச்பைண்டர் அதில் அமைந்தது 1932-இல். பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் இத்தகைய லைக்காவுடன்தான் 1950-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நம் பக்கம் வந்தார். திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமண மகரிஷியின் கடைசி நாட்களையும், புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரையும் படம் பிடித்தார். வாழ்நாளில் பெரும்பாலும் அவர் கையாண்டது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே. ஒரு பெட்டி நிறைய லென்ஸ் இருந்தால்தான் நல்ல படம் வரும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். 1954-இல் வெளிவந்த லைக்கா எம்-3 இன்றும் பழுதில்லாமல் ஓடுகிறது. ஆனால் லென்ஸுடன் வாங்கினால் இலட்ச ரூபாயைத் தாண்டும். அதை நல்ல சம்பந்தம் பார்ப்பதுபோல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம். அதன் சிறு பங்கு பணத்துக்கு ஜப்பானியக் காமிராக்கள் கிடைக்கின்றன. 1961 முதல் வந்த கானனெட் வரிசையும், 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35-உம் அவற்றில் பிரசித்தமானவை. இவற்றின் லென்ஸைக் கழற்ற முடியாது. முன் சொன்ன காரணத்தால் அது ஒரு குறையும் அன்று. ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டரி இடும் வகைக் கானனெட் அது இல்லாமலும் வேலை செய்யும், வெளிச்சமானிதான் ஓயும். யாஷிகாவோ பாட்டரி இல்லாவிடில் ஒரே வேகத்தில்தான் ஓடும். யாஷிகாவுக்கும் பாட்டரி இடும் வகைக் கானனெட்டுக்கும் ஆதியில் இட்ட பாதரச பாட்டரிகள் இப்பொழுது உற்பத்தியாவதில்லை. மாற்று வகை பாட்டரி பொருத்தித் தரப்படுகிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

ரஷ்யப் பக்கத்திலிருந்து வருபவை பெட், ஸோர்க்கி முதலியவை. பெட் காமிரா 1930-களில் கார்க்கோவ் நகரில், திக்கற்ற சிறுவர்களுக்கென்று ஏற்பட்ட தொழில் விடுதியில் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டது. இவை மலிவு. ஆயினும் பலவற்றில் ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இயந்திரம் கெடும். மேலும், இவற்றின் மேலேயே லைக்கா என்று பெயர் பொறித்துத் தங்க முலாமும் பூசி விற்கும் சாமர்த்தியசாலிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். மலிவான லைக்கா என்று யாராவது சொன்னால் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் விதத்தைத் திருப்பூருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. செக்கிங் மேஜையில் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்கும் கண்ணே இதற்கும் போதும். லைக்கா, ஸோர்க்கி இவற்றின் ஷட்டர் ரப்பர் பூசிய துணியினாலானது. மூடியில்லாமல் வெயிலை நோக்கி வைத்துவிட்டால், லென்ஸ் வழியே சூரியன் அதில் ஊசித்துளை போட்டுவிடும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, டார்ச் விளக்கைக் காட்டிப் பின்புறத்திலிருந்து பார்த்தால் துளை நட்சத்திரம்போல் தெரியும். ஜப்பானியக் காமிராவாயின், மிகவும் மெதுவான வேகத்தில் ஷட்டரின் இதழ்கள் தடையின்றித் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். டார்ச்சை லென்ஸுக்குள் செலுத்துங்கள். நூலிழைபோல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடைசியாக, தொலைவிலுள்ள புகைபோக்கி ஒன்றை நோக்கி, லென்ஸை முடிவிலாத் தூரத்தில் வையுங்கள். இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். வாங்கிய பிறகு, ஏற்றுமதிப் பெட்டிகளில் ஈரம் சேராதிருக்க இடும் ஸிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைக் காமிராவுடன் வைத்தால் பூஞ்சை அண்டாது. வெளிநாட்டுக்குப் போகும் பனியனுக்குச் செய்யும் உபசாரத்தை வீட்டிலிருக்கும் காமிராவுக்கும் செய்யலாமே!

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும், செலவு அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. பிலிம் சுருளின் விலை, கழுவும் கூலி, பிரதி எடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு சுருளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். படம் ஒன்றுக்குச் சுமார் 42 ரூபாய் ஆகிறது. மாதம் ஒரு சுருள் என்றால் வருஷத்துக்கு 18,000 ரூபாய். காமிராவின் விலையையே அது மிஞ்சிவிடக்கூடும். நம் அண்டையிலேயே, உதகமண்டலத்தில், பிலிமுக்கென்று ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற ஆலை ஒன்றை 1960-இல் தேசம் ஏற்படுத்திற்று. சந்திரனின் பெயரால் 'இந்து' என்று வழங்கிய அதன் கறுப்பு வெள்ளைப் பிலிம் ஊரெங்கும் விற்றது. காலம் மாறிற்று; ஆலை மூடப்பட்டது. சொந்தச் சரக்கு இல்லாத வீட்டில் அந்நியச் சரக்கு வைத்ததே விலையாகும் என்ற பழைய பாடத்தை, ஒவ்வொரு சுருள் வாங்கும்போதும் நாம் படிக்கிறோம்.

ஆகையால் நாம் சொல்லக்கூடியது இதுதான். கைக்கு வந்த பணத்தில் வீட்டுக் கடமைகள் போக மிஞ்சுவதை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் அடங்கும் காமிராவை வாங்குங்கள். மற்றப் பாதியைப் பிலிமுக்கும், பழுது பார்க்கவும் ஒதுக்கி வையுங்கள். பாதியில் அடங்காத காமிரா எவ்வளவு அழகாயிருந்தாலும் அடுத்த தீபாவளி வரையில் காத்திருக்கட்டும். வெளிச்சமானி ஓய்ந்துபோன காமிரா மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். நல்ல வெயிலில், 100 வேகமுள்ள பிலிமுக்கு, லென்ஸின் துவாரத்தை 16-இலும் ஷட்டரை 1/125-இலும் வைத்தால் படம் தவறாது. வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமுமில்லை; அதற்கு விலையுமில்லை.

ஒரு வார்த்தை மட்டும் பாக்கி. முதல் சுருளை மேகத்துக்கும் பூனைக்குட்டிக்கும் செலவழித்துவிடாமல், தாயாருக்கும் தகப்பனாருக்கும் நாலு படமாவது வையுங்கள். பிரதி எடுத்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். பிறகு இரண்டாவது சுருளுக்கு வீட்டில் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.