எந்த ஊருக்குக் குடிபெயர்வது?



மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் வசிக்கும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் பஜார் சாலையில் ஒரு மசாலாச் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். மாமியாருக்கு நெடுநாளாக இழுப்பு நோய். மழைக்காலம் வந்தால் வீட்டுச் சுவர்களில் பூஞ்சை பூக்கிறது. மழை நின்று டிசம்பர், ஜனவரி ஆனால், வேலியேற்றத்தின் உப்புநீர் சாக்கடை வழியாக ஏறி வாசற்படிக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் கேரளத்தை விட்டுப் போக மனமில்லை. கேரளத்துக்குள்ளேயே நல்ல சீதோஷ்ணமுள்ள ஊருக்குப் போய்விடலாம் என்று குடும்பமாகத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆனால் மூணாறா, பாலக்காடா, திருவனந்தபுரமா என்பதில் வீட்டில் ஒருமனப்பாடு இல்லையாம். மேற்குக் கொச்சியில் இதே கேள்வியோடு வாழும் தமிழ்க் குடும்பங்கள் அநேகம் என்பதால், இம்மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கொச்சியில் நம்மை வருத்துவது எது என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். இங்கே வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 23 டிகிரிக்கும் 34 டிகிரிக்கும் இடையில்தான் இருக்கிறது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் வளர்ந்த நமக்கு இது பெரிய வெயிலே அல்ல. ஆயினும் இங்கே மூச்சு முட்டுகிறது. காரணம், காற்றிலுள்ள ஈரம். உடம்பில் சுரக்கும் வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிகிறது, உள்ளிருக்கும் சூடு வெளியேறுவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. பஜார் சாலை வியாபாரிகளுக்கு இந்த ஈரத்தின் சுபாவம் நன்றாகத் தெரியும். நன்றாகக் காயாத சுக்கும் மிளகும் இடவப்பாதி மழையில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவர்கள் அஞ்சுவார்கள். சரக்கைப் பிடிக்கும் அந்தப் பூஞ்சைதான் வீட்டுச் சுவரிலும் பூத்து, இழுப்பு உள்ளவர்களைத் துன்பப்படுத்துகிறது.

ஆகவே ஊரைத் தெரிந்தெடுப்பவர்கள் எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவ்வூரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியாய் வெளியேறுகிறது, மீன மேட மாதங்களில் கிணற்றில் மீதி இருக்கிறதா? கேரளம் கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிய மாநிலம். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும், அவ்வளவுதான். தண்ணீரின் நடத்தையோ சில மைல்களுக்குள்ளேயே முற்றிலும் மாறிவிடுகிறது.

இதற்கு மட்டாஞ்சேரியே சாட்சி. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணலால் தூர்த்துக் கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அதன் பின்னரே வணிகர்களும், அரச குடும்பமும், யூதர்களும் வடக்கேயிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள். யூதத் தெருவிலுள்ள ஜெப ஆலயம் கட்டப்பட்டது 1568-இல். தண்ணீர் வழி மாறியதால் உண்டான குடியிருப்பில்தான் நாம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதே தண்ணீர் 2018 ஆகஸ்டில் ஆலுவாவையும் பறவூரையும் மூழ்கடித்தது. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஆற்று வெள்ளத்திற்குப் பெரும்பாலும் தப்பிய மேற்குக் கொச்சிக்கோ கடலேற்றம் வேறு துன்பமாயிருக்கிறது. 2017-இல் ஒக்கி, 2021-இல் டவ்தே என்னும் புயல்களின்போது செல்லானத்து வீடுகளுக்குள் கடல் புகுந்தது. அங்கே டெட்ராபாட் என்னும் கான்கிரீட் கட்டிகளால் சுமார் 7 கிலோமீட்டர் தூரத்துக்குக் கடற்சுவர் எழுப்பிய பின் அலையின் உக்கிரம் குறைந்திருக்கிறது. ஆனால் காயல் பக்கமாக வரும் வேலியேற்றத்தைக் கடற்சுவர் தடுக்காது. கும்பளங்கி, இடக்கொச்சிப் பக்கங்களில் சுவரின் கீழ்ப்பாகத்துப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பின் வேலை. வாடகை குறைவு என்று மட்டாஞ்சேரியை விட்டு அவ்விடங்களுக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கிட வேண்டும்.

இனி மூணாறு. அங்கே போய்வந்த எவருக்கும் அங்கேயே தங்கிவிட ஆசை பிறக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். தமிழ் பேசுவோர் திரளாக உண்டு. தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் நாம் போவது பெரும்பாலும் விடுமுறை நாட்களில், வானம் தெளிந்திருக்கும்போது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே துணி காய்வதில்லை. அடுப்பங்கரையில் கொடி கட்டித்தான் உலர்த்துவார்கள். இழுப்பு உள்ள பெரியவர்களுக்குக் கொச்சியின் ஈரத்தைப் போலவே மலையின் குளிர்ந்த மூடுபனியும் ஒத்துக்கொள்ளாமற் போகக்கூடும். டிசம்பர், ஜனவரியில் சில விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை எட்டுகிறது. ஆகவே மருத்துவரின் ஆலோசனையின்றி நோயாளியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

இதிலும் பாரமான காரியம் ஒன்று உண்டு. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, மூணாறுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களின்மேல் மலை சரிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். அவர்களில் அநேகர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தபடியால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக் கிராமங்களில் 250-க்கும் அதிகமானோர் மடிந்தார்கள். இவ்விரண்டும் அடைமழைக்குப் பின், இரவில், ஓடைக்குக் கீழே இருந்த குடியிருப்புகளில் நேரிட்டவை. மலைநாடு முழுவதும் இப்படியே என்று நான் சொல்லவில்லை. ஒரே கிராமத்தில் ஒரு மேடு பாதுகாப்பாகவும், 200 அடி தள்ளியிருக்கும் பள்ளம் ஆபத்தாகவும் இருக்கலாம். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிலச்சரிவுக்கும் வெள்ளத்திற்கும் உள்ளாகும் இடங்களை வரைபடங்களாக வெளியிட்டிருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அவ்வரைபடத்தைப் பாருங்கள். வீட்டுக்கு மேலே ஓடை இருக்கிறதா, சரிவை வெட்டிச் சமதளமாக்கி வீடு கட்டினார்களா என்று கேளுங்கள்.

மலைதான் வேண்டும் என்பவர்களுக்கு மறையூரைச் சொல்லலாம். மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழையை மலைகள் மறைத்துக்கொள்வதால் மூணாறைவிட மழை மிகக் குறைவு. அடுத்துள்ள சின்னாற்றில் முட்செடிக் காடே காணப்படும். கரும்பு விளைகிறது, வெல்லம் காய்ச்சுகிறார்கள், தமிழ் எங்கும் கேட்கும். ஆனால் பிழைப்பு என்ன? கிடங்கு வேலையோ நகரத்துக் கடை வேலையோ அங்கே இல்லை. அவசர சிகிச்சைக்கு மலை இறங்க வேண்டும். ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு ஏற்றது; நாட்கூலியை நம்பியிருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பாலக்காட்டைக் குறித்து நம்மவர்களுக்குள் ஒரு பாசம் உண்டு. சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கங்கள் ஏறக்குறைய பொள்ளாச்சியின் தொடர்ச்சியே. ஈரத்தால் வாடினவர்களுக்கு அந்த உலர்ந்த காற்று முதல் வாரத்தில் பேரின்பமாயிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் கணவாய் வழியாக மாதக்கணக்கில் காற்று வீசுகிறது. நவம்பர் தொடங்கி வரும் கிழக்குக் காற்றில் புழுதியும் கலந்திருக்கும். கோடையில் 40 டிகிரியைக் கடப்பது புதிதல்ல. 2016 ஏப்ரலில் மலம்புழையில் 41 டிகிரிக்கு மேல் பதிவாயிற்று. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடுக்கப்பட்டது. ஒவ்வொரு கோடையிலும் வெயிலில் வேலை செய்வோர் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்ந்திருக்கத் தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. கணவர் நிழலில் வேலை செய்கிறவரா, சுமை தூக்குகிறவரா என்பதைப் பொறுத்தே பாலக்காடு நன்மையோ தீமையோ ஆகும். குடிநீரையும் மறவாதீர்கள். சித்தூர்ப் பகுதி, 1970-இல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வரும் நீரை நம்பியிருக்கிறது. நிலத்தடி நீரை எடுத்ததற்கு எதிராகப் பிளாச்சிமடை மக்கள் போராடி, 2004-இல் கொக்கோகோலா ஆலை மூடப்பட்டதும் அந்தத் தாலுகாவில்தான். வறண்ட காற்று வேண்டுமென்று போகிறவர்கள் வறண்ட கிணற்றுக்கும் ஆயத்தமாக வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கொச்சியைவிட மழை மிகக் குறைவு. இரு பருவமழைகளும் பகிர்ந்து பெய்கின்றன. கரமனை, சாலைப் பக்கங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆயினும் 2023 அக்டோபரில் ஒரே இரவு மழையில் அந்நகரத்தின் தாழ்ந்த இடங்கள் மூழ்கின. மேடான இடத்தில் வீடு கிடைத்தால் நல்ல ஊர் என்பதோடு நிறுத்துகிறேன்.

கடிதத்தில் இடம்பெறாத ஒரு திசையைச் சொல்ல வேண்டும். அது கிழக்கு. கொச்சியிலிருந்து 20, 30 கிலோமீட்டர் உள்ளே போனால் செம்பாறை மேடுகள் தொடங்குகின்றன. திருப்பூணித்துறைக்கு அப்பால் புத்தன்குரிசு, கோலஞ்சேரி வரை பாருங்கள். வெப்பம் குறையாது, கடற்காற்று இல்லாததால் பகலில் சற்று அதிகமாகவே இருக்கும். ஆனால் அங்கே வேலியேற்றம் இல்லை, சுவரைத் தின்னும் உப்பு இல்லை, மழைநீர் சரிவில் ஓடிவிடும். பேருந்தில் மட்டாஞ்சேரி வேலைக்கு வந்து போகலாம், பிள்ளைகளின் பள்ளியையும் ஒரு வருஷம் மாற்றாமல் சமாளிக்கலாம். குறைகளும் உண்டு. செம்பாறைக் கிணறுகள் மார்ச், ஏப்ரலில் வற்றும். துலாவர்ஷக் காலத்தில் மாலைதோறும் இடி மின்னல் பலமாயிருக்கும். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்தபோது ஏறக்குறைய இரண்டு வாரம் அத்திசையில் புகை சூழ்ந்திருந்தது. இழுப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் அதற்குச் சமீபமான இடங்களைத் தவிர்க்கலாம். மேடு என்று சொல்லிப் பள்ளத்தைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆற்றங்கரையிலுள்ள மூவாற்றுபுழை நகரம் 2018-இல் வெள்ளத்தில் நின்றது. இத்தனையும் கருதினாலும், இந்தக் குடும்பத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கிழக்குப் பக்கத்தையே. தொலைவிலுள்ள குளிருக்காக வேலையையும் உறவையும் சபையையும் ஒருசேர இழப்பதைவிட, அருகிலுள்ள மேட்டில் மூன்று வருஷம் வாழ்ந்து பார்ப்பது மேல்.

சொந்தமாக மனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பேச்சில் நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். கேரளத்து வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது நெல்வயல்; வீடு கட்டத்தக்க மனைக்கு அங்கே ‘புரையிடம்’ என்று பெயர். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயலை மண்ணிட்டு நிரப்பி இஷ்டப்படி வீடு கட்ட முடியாது. தமிழில் பேசி, “நல்ல நிலம், விலை மலிவு” என்று சொல்லும் தரகரிடம் இந்த ஒரு சொல்லை விசாரிக்காமல் முன்பணம் கொடுத்தால், பணமும் போகும், மழைக்காலத்தில் தண்ணீரும் தன் பழைய இடத்துக்கு வந்து சேரும். இடுக்கியிலாகில் பட்டயம் என்ன வகை, எந்த உபயோகத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் கிராம அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

லோத்து யோர்தான் சமபூமியின் நீர்வளத்தைக் கண்டு அதைத் தெரிந்துகொண்டது நமக்குத் தெரிந்த சரித்திரம். அவன் பார்த்தது ஒரு நாளின் காட்சி. நீங்கள் இரண்டு முறை போய்ப் பாருங்கள். கர்க்கடக மாதத்தில், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரைக்குள், நல்ல மழை நாளில் ஒரு முறை. மார்ச் இறுதியில் ஒரு முறை. மழை நாளில் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். கோடையில் பக்கத்து வீட்டாரின் கிணற்றை எட்டிப் பாருங்கள்; 2018-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அவர்களிடமே கேளுங்கள். கேரளத்துப் பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. இந்த மழைக்காலத்தைப் பார்ப்பதற்குச் செலவிட்டு, கோடையில் கிணற்றையும் பார்த்து முடித்தால், அடுத்த ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழோடு சாமான்களை ஏற்றலாம்.