பரீட்சை மண்டபத்திற் பிறக்கும் அதிபர்கள்

பாடசாலை அதிபர் பதவி ஆசிரியத் தொழிலின் மேற்படியா, அன்றி அதனின்றும் வேறான தனித்தொழிலா? இவ்வினாவிற்கு இலங்கை அரசு சொல்லால் ஒரு விடையையும் செயலால் மற்றொரு விடையையும் அளித்து வருகின்றது. அதிபர்களுக்கெனத் தனியான சேவை உண்டு; அதற்கெனச் சேவைப் பிரமாணக் குறிப்பும் தரங்களும் உண்டு. ஆயின், அச்சேவையின் வாயிலில் ஓர் ஆசிரியரிடம் கேட்கப்படுவன யாவை? குறித்த காலம் கற்பித்தமை, மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சையிற் பெற்ற புள்ளி, அதன்பின் ஒரு நேர்முகப் பரீட்சை. ஒரு பாடசாலையை ஒரு தவணையேனும் நடத்திக் காட்டுமாறு எவரும் கேட்கப்படுவதில்லை. தனித்தொழில் எனப் பெயர் சூட்டிவிட்டு மேற்படியாகவே நடத்தும் இம்முரண்பாடே நமது பாடசாலை நிர்வாகத்தின் பல குறைபாடுகளுக்கு ஊற்றுக்கண்ணாகும்.

பிற தொழில்களை நோக்குக. மருத்துவப் பட்டம் பெற்றவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை நிறைவேற்றிய பின்னரே முழுமையான பதிவைப் பெறுகின்றார். சட்டத்தரணியாக விரும்புபவர் பரீட்சைகளிற் சித்தியடைந்தாலும் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற்றாக வேண்டும். ஒரு நோயாளியின் உடலையும் ஒரு வழக்காளியின் உடைமையையும் காக்க இத்துணை முன்னெச்சரிக்கை கொள்ளும் சமுதாயம், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒருவரின் கையில் ஒப்படைக்கும்போது மட்டும் எழுத்துப் பரீட்சையோடு மனநிறைவு கொள்வது விந்தையே.

பரீட்சை முறைக்குச் சார்பாகக் கூறப்படும் வாதம் ஒன்றுண்டு. அது எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. உதவி பெறும் பாடசாலைகளை 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வாயிலாக அரசு பொறுப்பேற்கும் வரை, அவற்றின் தலைமையாசிரியர்களை முகாமையாளர்களே நியமித்து வந்தனர். சமயமும் உறவும் அங்கே செல்வாக்குச் செலுத்த இடமிருந்தது. அரசு பொறுப்பேற்ற பின்னர் அவ்விடத்தை அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் பிடித்துக்கொள்ளும் அபாயம் தோன்றியது. பரீட்சைத் தாளோ எவருடைய மருமகனையும் அறியாது. செல்வாக்கற்ற கிராமத்து ஆசிரியருக்கு அது ஒரு கேடயம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கேடயம் வேறு, அளவுகோல் வேறு. நடுநிலையாக அளக்கும் கருவி, அளக்க வேண்டியதைத்தான் அளக்கின்றது என்பதற்கு உத்தரவாதம் யாது? நேரசூசி வகுக்கும் விதிகளை மனனஞ் செய்து எழுதலாம். தவணை நடுவிற் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்ல, பதிலாள் வராத நிலையிற் பதினோராந் தர மாணவர்களை என்ன செய்வது என்பதை எந்த வினாத்தாள் சோதிக்கும்? முரண்பட்டு நிற்கும் இரு ஆசிரியர்களை ஒரு மேசையில் அமர்த்துவதையும், பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையைத் தேடி அதன் வீட்டுக்குச் செல்வதையும் எத்தனை புள்ளிகளால் மதிப்பிடுவது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் அறிமுகமாகித் திட்டமிடலிலும் நிதியிலும் அதிபரின் பொறுப்பை மேலும் விரித்தது. தொழில் விரிந்தது, வாயில் மட்டும் பழைய பரீட்சை வாயிலாகவே நின்றது.

பயிற்சிகள் இல்லாமலில்லை. தேசிய கல்வி நிறுவகம் முகாமைத்துவ நெறிகளை நடத்துகின்றது. எனினும் தெரிவு முந்த, பயிற்சி பிந்துகின்றது. பதவியேற்ற பின் கற்கும் ஒருவரின் தவறுகளுக்கு விலை கொடுப்பவர்கள் அப்பாடசாலையின் பிள்ளைகளேயாவர்.

அவ்விலையை எல்லாப் பிள்ளைகளும் சமமாகக் கொடுப்பதில்லை என்பதே இங்கு முதன்மையாகக் கவனிக்கத் தக்கது. நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில், நூறு மாணவருக்குங் குறைந்தவை ஆயிரக்கணக்கில் உள. நகரத்து 1ஏபி பாடசாலைக்கு அனுபவமிக்க அதிபரும் பிரதி அதிபர்களும் பழைய மாணவர் சங்கமும் உண்டு. வன்னியின் உட்கிராமத்திலோ மலையகத் தோட்டத்திலோ உள்ள மூன்றாம் வகைப் பாடசாலையில், அதிபரே எழுதுவினைஞர், அதிபரே வகுப்பாசிரியர், அதிபரே காவலாளி. மிகக் கடினமான களம் எதுவோ அதற்கே மிகக் குறைந்த ஆயத்தமுடையவர் அனுப்பப்படுகின்றார். எவரும் முன்வராவிடிற் கடமை நிறைவேற்றும் அதிபரைக் கொண்டு ஆண்டுகள் கழிகின்றன. பின்னர் அவர்களைச் சேவையில் உள்வாங்குமாறு கோரிக்கை எழுகின்றது. அவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் தற்காலிகத்தை நிரந்தரமாக்குவது சீர்திருத்தம் ஆகாது.

அவ்வாறாயின் உரிமம் ஒன்றைச் சட்டமாக்கிவிட்டால் யாவும் சீராகுமா? பிறநாட்டு அனுபவம் அவ்வாறு கூறவில்லை. அதிபர் உரிமம் மாநில அதிகாரமாயுள்ள ஐக்கிய அமெரிக்காவில், 1996இற் பாடசாலைத் தலைவர்களுக்கான பொது நியமங்கள் வகுக்கப்பட்டன. பெரும்பாலான மாநிலங்கள் அவற்றைத் தழுவின. எனினும் 2005இல் ஆர்தர் லெவின் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழகங்களின் அதிபர் பயிற்சி நெறிகளிற் பெரும்பாலானவை தரங் குறைந்தவை எனக் கடுமையாகச் சாடியது. சம்பள உயர்வுக்காக ஆசிரியர் பட்டஞ் சேர்க்க, கட்டணத்திற்காகப் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கின. இங்கிலாந்து 1997இல் அறிமுகஞ் செய்த தலைமையாசிரியர் தகைமையை 2009இற் புதியவர்களுக்குக் கட்டாயமாக்கி, 2012இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. சிங்கப்பூரோ 2001 முதல், அதிபராகத் தகுதியுடையோரை முன்கூட்டியே தெரிந்து, ஆறு மாத முழுநேரப் பயிற்சிக்கு அனுப்பியது. தாளாக மட்டும் நிற்கும் உரிமம் மற்றொரு பரீட்சையாகவே சுருங்கும். அரசு செலவேற்றுக் களத்தில் நிகழ்த்தும் பயிற்சியே பயன் தரும். இதுவே இவற்றாற் பெறப்படும் பாடம்.

ஆகவே இலங்கைக்கு வேண்டுவது வாயிலை உயர்த்துவதன்று, வாயிலை மாற்றுவதாகும். முதலாவதாக, போட்டிப் பரீட்சை பயிலுநரைத் தெரிவதற்கு மட்டுமே பயன்படுதல் வேண்டும்; அதிபரை ஆக்குவதற்கன்று. இரண்டாவதாக, தெரிவானோர் முழுச் சம்பளத்துடன் ஓராண்டு களப்பயிற்சி பெறல் வேண்டும். அதிற் பாதி கட்டாயமாகச் சிறிய பாடசாலையொன்றிற் கழிதல் வேண்டும். மூன்றாவதாக, அவர்களை மதிப்பிடுவோர் ஒருவராக இருத்தலாகாது. சேவையிலுள்ள அதிபர், கல்வியியலாளர், வெளிமாகாணக் கல்வி அதிகாரி ஆகிய மூவரும் காரணங்களை எழுத்தில் வழங்க வேண்டும். மேன்முறையீட்டு உரிமையும் இருத்தல் வேண்டும். செல்வாக்கு மீண்டும் நுழையும் என அஞ்சுவோர்க்கு இதுவே மறுமொழி. நான்காவதாக, இப்பயிற்சி தமிழிலும் சிங்களத்திலும் சமதரத்தில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் கிடைத்தல் வேண்டும். கடமை நிறைவேற்றும் அதிபர்களின் அனுபவம் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியாகக் கணிக்கப்படலாம். மதிப்பீட்டிலிருந்து விலக்காகக் கருதப்படலாகாது.

ஆட்பற்றாக்குறை உள்ள நாட்டில் இது ஆகுமா என்பர் சிலர். அதிபர்களே இல்லாத பாடசாலைகளுக்கு, பயிற்சி பெற்ற அதிபர் எங்கிருந்து வருவார் என்பர். பின்தங்கிய பாடசாலைக்குச் செல்பவருக்கு விடுதியுமில்லை, வழிகாட்டியுமில்லை, உரிய கொடுப்பனவுமில்லை எனும்போது எவர்தாம் செல்வார்? பற்றாக்குறை தகைமையினால் விளைந்ததன்று; தனியே கைவிடப்படுவோம் என்ற அச்சத்தினால் விளைந்தது. அவ்வச்சத்தைப் போக்காமல் வாயிலைத் திறந்து வைப்பதால் மட்டும் எவரும் உள்ளே வரப்போவதில்லை. செலவைக் காட்டி மறுப்போர், ஆயத்தமற்ற தலைமையின் கீழ்ப் பத்தாண்டு கழித்த ஒரு பாடசாலையின் இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவர்?

இலவசக் கல்வி 1945இல் இந்நாட்டின் ஏழைப் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது. அக்கதவின் உள்ளே தகுதி வாய்ந்த தலைமை இருக்கும் என்ற உறுதியை அரசு இன்னும் வழங்கவில்லை. கொழும்புப் பிள்ளைக்கு அது தற்செயலாகவேனும் கிடைக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தற்செயலும் உதவுவதில்லை. இவ்வேறுபாடு நீடிக்கும் வரை, சம வாய்ப்பு என்பது அரசாங்க அறிக்கைகளில் மட்டும் வாழும் சொல்லாகவே இருக்கும்.