நல்ல டிராகன்: பிறப்பால் நல்லதா, செயலால் நல்லதா?

டிராகன் என்றதும் என்ன ஞாபகம் வரும்? நெருப்பு கக்கும் வாய், தங்கக் குவியல் மேல் படுக்கை, கருகிப்போன ஊர். ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ பார்த்தவர்களிடம் கேட்கவே வேண்டாம்.

ஆனால், எளியவர்களுக்காக இரங்குகிற, நீதியின் பக்கம் நிற்கிற டிராகன் கடவுள் ஒருவரும் இருக்கிறார். பெயர் பஹாமுத். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடியவர்களுக்கும் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வீடியோ கேம் ஆடியவர்களுக்கும் நன்றாகப் பழக்கப்பட்ட பெயர் அது. கற்பனைக் கடவுள்தானே, இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம் என்ற கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

யார் இந்த பஹாமுத்?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கதையை நகர்த்துகிற விளையாட்டு இது. அடுத்த ஆண்டு வந்த துணைநூலில் பிளாட்டினம் நிற டிராகன் அரசன் ஒருவனும், ஐந்து தலை டிராகன் அரசி ஒருத்தியும் வந்தார்கள். 1977இல் வெளியான ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. அரசன் பஹாமுத், அரசி தியாமத்.

தங்கம், வெள்ளி, வெண்கலம், செம்பு, பித்தளை ஆகிய உலோக டிராகன்கள் பஹாமுத்தின் பக்கம். அவை நல்லவை. வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு ஆகிய வண்ண டிராகன்கள் தியாமத்தின் பக்கம். அவை கெட்டவை. கணக்கு அவ்வளவுதான்.

பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் சுவாரஸ்யம். பஹாமுத் முதலில் டிராகனே கிடையாது, ஒரு மீன்!

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்-கஸ்வீனி போன்றவர்கள் எழுதிவைத்த அரபு அண்டவியல் கதைகளில், பூமியை ஒரு வானதூதர் தாங்குகிறார். அவர் நிற்பது ஒரு பாறை மேல். பாறையைச் சுமப்பது ஒரு பிரம்மாண்டமான காளை. காளைக்கு அடியில் இருப்பதுதான் பஹாமுத் என்ற மாபெரும் மீன். பூமியை ஆதிசேஷன் தாங்குகிறது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் படம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

அந்தப் பெயருக்கும் வேர், எபிரேய விவிலியத்தின் யோபு புத்தகத்தில் வரும் விலங்கு என்பது ஆய்வாளர்களின் கருத்து. தமிழ் விவிலியம் அதைப் ‘பிகெமோத்’ என்கிறது. புல் தின்று, நாணல்களுக்கு நடுவே படுத்திருக்கும் நிலத்து விலங்கு அது. ஆக, நிலத்து விலங்கு மீனாகி, மீன் டிராகனாகிவிட்டது.

1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’யும் பஹாமுத்தை டிராகன்களின் அரசனாகவே காட்டியது. இன்று பஹாமுத் என்றால் மீனை நினைப்பவர்கள் அரிது.

தியாமத்துக்கு நடந்தது என்ன?

தியாமத்தின் கதை இன்னும் யோசிக்க வைக்கும். பாபிலோனியரின் படைப்புக் காவியமான ‘எனூமா எலிஷ்’ ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. அதில் தியாமத் உப்புநீர்க் கடலின் உருவம். தெய்வங்களைப் பெற்ற ஆதித்தாய். கணவன் அப்சுவை இளைய தெய்வங்கள் கொன்ற பிறகுதான் அவள் போருக்குக் கிளம்புகிறாள். மர்துக் அவளைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான்.

ஐந்து தலைகள் அந்தக் காவியத்தில் இல்லை. அதெல்லாம் விளையாட்டு சேர்த்தது. அவளுடைய துக்கமும் கோபமும் விளையாட்டில் காணாமல் போய், ‘தீய ராணி’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சிவிட்டது.

கதைகள் ஊர் தாண்டும்போது மாறத்தான் செய்யும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால், மாறியது என்ன என்று தெரிந்துவைத்துக்கொண்டு ரசிப்பது வேறு, தெரியாமலே நம்பிவிடுவது வேறு.

நிறத்தைப் பார்த்துக் குணம் சொல்லலாமா?

உண்மையான சிக்கல் இதுதான். செதில் தங்க நிறமா? நல்லது. சிவப்பா? கெட்டது. முட்டையிலிருந்து வெளியே வரும் குட்டி இன்னும் எதுவுமே செய்யவில்லை. அதற்குள் தீர்ப்பு எழுதியாச்சு!

‘விளையாட்டுதானே பாஸ்’ என்று சிலர் சொல்வார்கள். எதிரி யாரென்று சட்டென்று தெரிந்தால்தான் ஆட்டம் வேகமாக நகரும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால், பிறப்பை வைத்து மனிதனின் குணத்தை எடைபோடும் பழக்கம் என்ன செய்யும் என்பதை அனுபவித்துப் பார்த்த சமூகம் நம்முடையது. பிறப்பிலேயே கெட்ட கூட்டம் ஒன்று உண்டு என்ற எண்ணம், கதையில் வந்தாலும் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான்.

அந்தக் கேள்வி விளையாட்டுக்கு உள்ளேயே எழுந்தது என்பது ஆறுதல். 2004இல் வந்த ‘எபெரான்’ என்ற கற்பனை உலகில், டிராகனின் நிறத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடவில்லை. 2020இல், விளையாட்டை வெளியிடும் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம், ஓர்க் போன்ற இனங்களைப் பிறவித் தீயவர்களாகக் காட்டுவதை மாற்றிக்கொள்வதாக அறிவித்தது. 2024 விதிநூலில் ‘ரேஸ்’ என்ற சொல்லே போய், ‘ஸ்பீஷீஸ்’ வந்துவிட்டது. எல்லாமே அரசியல் ஆகிவிட்டது என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால், இதனால் கதை மெலியவில்லை. நல்லது செய்யத் துடிக்கும் சிவப்பு டிராகனும், பேராசை பிடித்த தங்க டிராகனும் எழுத்தாளருக்கு எவ்வளவு தீனி!

அப்படியானால் எது நல்ல டிராகன்?

கிழக்கே பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். சீனாவில் டிராகன் அரசர்கள் மழை தரும் தெய்வங்கள். பௌத்த நூல்கள் சீனத்துக்குப் போனபோது, நம்முடைய ‘நாகம்’ என்ற சொல்லை அங்கே ‘லோங்’, அதாவது டிராகன் என்றே மொழிபெயர்த்தார்கள். அந்தத் தெய்வத்தை மக்கள் வணங்கினார்கள். கூடவே கணக்கும் கேட்டார்கள். மழை பொய்த்தால், டிராகன் அரசரின் சிலையைத் தூக்கிவந்து வெயிலில் வைக்கும் வழக்கம் இருந்தது. ‘எங்கள் கஷ்டம் உனக்கும் தெரியட்டும்’ என்பதுதான் அதன் பொருள். தெய்வமே ஆனாலும், நல்லவர் என்ற பெயரைச் செயலால்தான் சம்பாதிக்க வேண்டும்.

விளையாட்டின் பஹாமுத்திடமும் அப்படி ஒரு குணம் உண்டு. பிளாட்டினம் செதில்களை மறைத்துக்கொண்டு, ஏழு கேனரிக் குருவிகளோடு ஒரு வயதானவராக ஊர் ஊராகத் திரிவார் என்கிறது கதை. அந்தக் குருவிகள் மாறுவேடத்தில் இருக்கும் தங்க டிராகன்கள். அந்த வேடத்தில் செதிலின் நிறம் யாருக்கும் தெரியாது. எதிரே நிற்பவரிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

அடுத்த முறை நண்பர்களோடு பகடை உருட்ட உட்காரும்போது, குகைக்குள் ஒரு சிவப்பு டிராகன் தென்பட்டால், வாளை உருவும் முன் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.