மலிவு மின்சாரக் கார்: யாருக்கு மலிவு?

பெட்ரோல் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. சுவரில் உள்ள பிளக்கில் இரவு முழுவதும் மாட்டி வைத்தால் காலையில் கிளம்பிவிடுகிறது. இப்படிப்பட்ட மோட்டார் கார் இன்று நம் சாலைகளில் சாதாரணமாக ஓடுகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் இது பெரும் பணக்காரர் வீட்டு வேடிக்கைப் பொருள். இன்று கம்பெனிகள் இதற்கு ஒரு புதுப் பட்டம் சூட்டியிருக்கின்றன: மலிவு மின்சாரக் கார்!

2022 செப்டம்பரில் டாட்டா கம்பெனி டியாகோ என்ற சிறிய காரை மின்சாரத்தில் ஓடும்படி செய்து, ஆரம்ப விலை 8 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தது. 2024 பிப்ரவரியில் அதையே 7 லட்சத்து 99 ஆயிரமாகக் குறைத்தது. 2023-ல் எம்.ஜி. கம்பெனி காமெட் என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்தது. மூன்று மீட்டர் நீளங்கூட இல்லாத இந்த வண்டிக்கு அப்போது ஆரம்ப விலை 7 லட்சத்து 98 ஆயிரம். மலிவு என்றால் இதுதான் இன்றைய மலிவு.

பஞ்சாலையில் கதிர் பார்க்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் காரைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2025-26-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு காசும் பிடிக்காமல் கொடுத்தால் வருஷத்துக்கு 33,600 ரூபாய். அதில் ஒரு வேளைக் கஞ்சிகூடக் குடிக்காமல் சேர்த்தால், அந்த 7 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய்க் காரை வாங்க ஏறக்குறைய 24 வருஷம் ஆகும்! இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது நம் விஷயமல்ல" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடத் தோன்றும்.

மடித்து வைக்கக் கூடாது. சைக்கிளும் ரேடியோவும் ஒரு காலத்தில் மிராசுதார் வீட்டுப் பொருள்களாகத்தான் இருந்தன. இன்று மில் தொழிலாளியின் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வண்டி போடலாமா என்று யோசிக்கிறான். இந்த வண்டிக்கு வேண்டிய மின்சாரம் பொதுச் சொத்திலிருந்து வருகிறது. இந்த வண்டிக்குக் கொடுக்கும் வரிச் சலுகை ஜனங்களின் பணம். ஆகவே கணக்குப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரம் நல்ல இயந்திரம். மில்லில் மோட்டாரோடு பழகிய தொழிலாளிக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வண்டியின் அடியில் பாட்டரி. அதிலிருந்து மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. கிளட்ச் இல்லை, கியர் மாற்ற வேண்டாம், எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டாம். பிஸ்டன், வால்வு, சைலன்சர் ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே முழு இழுப்பு கிடைக்கும். இறக்கத்தில் காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்கே திருப்பி அனுப்பும். டியாகோவில் இரண்டு அளவுப் பாட்டரி உண்டு: ஒன்று 19.2 யூனிட், மற்றது 24 யூனிட். பெரிய பாட்டரி 315 கிலோமீட்டர் ஓடும் என்று வெளியீட்டின்போது சோதனைச்சாலைக் கணக்குக் காட்டினார்கள். உண்மையான சாலையில், குளிர்சாதனம் போட்டுக்கொண்டு, நாலு பேரோடு போனால் அவ்வளவு வராது. பெட்ரோல் வண்டிக்குச் சொல்லும் மைலேஜையே யார் கண்ணால் கண்டது?

இனி பணக் கணக்குக்கு வருவோம். சேதாரம் போக, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 143 யூனிட் வேண்டும்.

சொந்த வீடு, சொந்த மீட்டர், வண்டி நிறுத்தச் சொந்த இடம் உள்ளவர், யூனிட்டுக்கு 6 ரூபாய் கொடுக்கிறார் என்று கொள்வோம். மாதம் 857 ரூபாயில் அவர் வேலை முடிந்தது. அதே தூரத்தைப் பெட்ரோலில் ஓட்டினால், லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்ற கணக்கில் 5,555 ரூபாய் ஆகும். மாதம் 4,700 ரூபாய் மிச்சம்! விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது இந்தக் கணக்கைத்தான். பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் வாடகை வீட்டில் இருக்கிறவர்? வண்டியைத் தெருவில் நிறுத்துகிறார். வீட்டுக்காரர் பிளக் வைக்க விடமாட்டார். அவர் பொதுச் சார்ஜ் நிலையத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். அங்கே விலை இடத்துக்கு இடம் மாறும். யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,857 ரூபாய். அதே கார், அதே சாலை, அதே மின்சாரம். சொந்த வீட்டுக்காரரைவிட மாதம் 2,000 ரூபாய் அதிகம்!

இதோடு நிற்கவில்லை. இதே டியாகோவின் பெட்ரோல் வண்டியைவிட மின்சார வண்டிக்கு விலை 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் அதிகம். பெட்ரோல் மிச்சத்தால் இந்த 3 லட்சத்தை ஈடுகட்ட வேண்டும். சொந்தப் பிளக் உள்ளவருக்கு ஐந்தேகால் வருஷத்துக்குச் சற்று மேலே ஆகும். பொது நிலையத்தை நம்பியிருப்பவருக்கு ஒன்பது வருஷம் தாண்டும். கடன் வட்டியை இன்னும் நாம் சேர்க்கவில்லை. டியாகோ வெளிவந்தபோது பாட்டரிக்கு டாட்டா கம்பெனி கொடுத்த உத்தரவாதம் எட்டு வருஷம். அதாவது, போட்ட அதிகப் பணம் கைக்குத் திரும்பும் முன்பே உத்தரவாதக் காலம் முடிந்து, பாட்டரி கெட்டால் செலவு அவர் தலையில் விழும்.

மலிவு என்ற சொல்லின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. மலிவு காரில் இல்லை. வீட்டுச் சுவரில் இருக்கிறது. சுவர் யாருடையதோ, மலிவும் அவருடையது!

கோவையிலும் திருப்பூரிலும் லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர்களுக்கு இது புது அனுபவமா? பல லைன் வீடுகளில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. குடியிருப்பவருக்கு உள்ளே ஒரு சப் மீட்டர். சர்க்கார் கொடுக்கும் இலவச 100 யூனிட் மேலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் வைத்ததே யூனிட் விலை. மிக்ஸியும் மின்விசிறியும் ஓடுவதற்கே கணக்குக் கேட்கிற இடத்தில், கார் அல்ல, ஒரு மின்சார ஸ்கூட்டருக்குப் பிளக் கேட்டுப் பாருங்கள்! கிராமத்தில் குடிசைக்குக் கொடுத்த ஒரு விளக்கு இணைப்பின் நிலைமை இன்னும் மோசம். ஒரு காரைச் சாதாரணப் பவர் பிளக்கில் சார்ஜ் செய்ய 3 கிலோவாட்டுக்கு மேல் தாங்கும் கம்பியும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். ஒரு பல்புக்குப் போட்ட கம்பியில் அதை மாட்டினால் குடிசையே தீப்பிடிக்கும்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன் பலத்தில் கோவையில் மில்கள் பெருகின. அந்த மின்சாரம் முதலில் கதிரை ஓட்டியது. கதிரை ஓட்டியவன் வீட்டில் அதற்குப் பிறகும் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. மின்சாரக் கார் விஷயத்திலும் அதே வரிசையில் நம்மைக் கடைசியில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

வாங்க முடியாதவர்களுக்குக் கம்பெனிகள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் காமெட் காரின் விலை 4 லட்சத்து 99 ஆயிரமாக இறங்கியது. எப்படி இறங்கியது? வண்டி உங்களுடையது, பாட்டரி உங்களுடையதல்ல! ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாட்டரி வாடகை அப்போது 2 ரூபாய் 50 காசு. மின்சாரச் செலவு தனி. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினால் 100 ரூபாய் வாடகை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது இரண்டரை லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். பாட்டரியோ இன்னும் அவர்களுடையதுதான். குத்தகை நிலத்தில் உழுதவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏர் நம்முடையது, மாடு நம்முடையது, உழைப்பு நம்முடையது. களத்தில் நெல்லை அளக்கும்போது மட்டும் நிலம் அவருடையது. கொஞ்ச தூரமே ஓட்டுகிற உத்தியோகஸ்தருக்கு இந்த ஏற்பாடு லாபமாகக்கூட இருக்கலாம். பிழைப்புக்காக நாள் முழுவதும் ஓட்டுகிறவனுக்கு?

பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களின் கதியைத் தலைநகரம் காட்டிவிட்டது. டில்லியில் புளூஸ்மார்ட் என்ற கம்பெனி முழுக்க முழுக்க மின்சாரக் கார்களை வைத்து வாடகைக் கார் நடத்தியது. ஆயிரக்கணக்கான டிரைவர்கள் ஓட்டினார்கள். கார்களில் பெரும் பகுதி ஜென்சால் என்ற இன்னொரு கம்பெனி வாங்கிக் குத்தகைக்கு விட்டவை. வாங்கக் கடன் கொடுத்தவை சர்க்காரின் நிதி ஸ்தாபனங்கள். 2025 ஏப்ரலில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஸ்தாபனமான செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 6,400 கார் வாங்கக் கடன் வாங்கியவர்கள் 4,704 கார்தான் வாங்கினார்கள் என்றும், கடன் பணத்தில் ஒரு பகுதி ஆடம்பர அடுக்குமாடி வீடு வாங்கப் போயிற்று என்றும் அதில் சொல்லியது. அதே மாதம் புளூஸ்மார்ட் வண்டிகள் நின்றன. டிரைவர்கள் தெருவில் நின்றார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பாட்டரியில் குறையில்லை, மோட்டாரில் குறையில்லை. ஓட்டியவனுக்கு அதில் ஒரு ஆணிகூடச் சொந்தமில்லை என்பதுதான் குறை.

சர்க்கார் என்ன செய்கிறது? மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதம் மட்டுமே. சிறிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 18 சதம். சரி, புகையில்லாத வண்டிக்குச் சலுகை கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அடுத்ததைக் கவனியுங்கள். வீட்டு மீட்டரில் வரும் மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பொது நிலையத்தில் சார்ஜ் ஏற்றினால், அது சேவை என்று சொல்லி 18 சதம் வரி! பங்களாவில் ஏற்றினால் வரியில்லை, தெருவில் ஏற்றினால் வரி. வாங்குகிறவருக்கு ஒரு கையால் சலுகை, வீடில்லாதவரிடம் மறு கையால் வசூல்.

பஸ் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைக்கக்கூடிய மின்சார வண்டி பஸ்தான். 2025 ஜூன் 30-ந் தேதி சென்னை வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் சிரமமில்லாமல் ஏறக்கூடிய தாழ்தளப் பஸ்கள். வரவேற்கிறோம். ஆனால் பஸ்ஸும் டிரைவரும் தனியார் ஒப்பந்தக் கம்பெனியினுடையவர்கள். போக்குவரத்துக் கழகத்தின் நிரந்தர டிரைவர் பெற்ற சம்பளமும் பென்ஷனும் அந்த இருக்கையில் இல்லை. புதிய இயந்திரம் வரும் ஒவ்வொரு முறையும் பழைய உரிமை ஒன்று சத்தமில்லாமல் இறக்கி விடப்படுகிறது. வண்டிதான் சத்தமில்லாதது என்று நினைத்தோம்!

மெக்கானிக் தோழர்களைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. கோவைப் பட்டறைகளில் பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு உதிரி பாகம் கடைகிற லேத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். மின்சார வண்டியில் அந்தப் பாகங்களுக்கு இடமில்லை. சாலையோர மெக்கானிக் இந்தப் பாட்டரியைத் திறக்கவும் கூடாது. அதிலுள்ள மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். தொழிற்பயிற்சி நிலையங்களில் சம்பளத்தோடு, வயது வரம்பு வைக்காமல், இவர்களுக்குப் புதுத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மோட்டார் சுருள் கட்டத் தெரிந்த கோவைக்காரனுக்கு இதைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமல்ல.

செய்யக்கூடிய காரியம் ஒன்று உடனடியாக இருக்கிறது. மின்சாரக் கட்டணத்தை மாற்ற மனு வரும்போது, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்கிறது. பொது விசாரணையும் நடத்துகிறது. அங்கே முதலாளிகளின் சங்கங்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு வந்து உட்காருகின்றன. லைன் வீட்டிலிருந்து யார் போகிறார்கள்? சங்கக் கிளைகள் இப்போதே எழுதத் தயாராக வேண்டும். பொதுச் சார்ஜ் நிலையத்தில் வீட்டுக் கட்டணமே வாங்க வேண்டும், அந்த 18 சத வரியை எடுக்க மாநில சர்க்கார் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் பேச வேண்டும், வாடகைக் குடியிருப்புகளில் குடியிருப்பவர் பெயரிலேயே மீட்டர் கொடுக்க வேண்டும், வரிசைக்கு ஒரு பொதுப் பவர் பிளக்காவது எர்த்தோடு வைக்க வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று எழுதுங்கள். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெறும் கோஷமாக எழுத வேண்டாம். வீட்டில் ஏற்றினால் மாதம் 857 ரூபாய், வெளியே ஏற்றினால் 2,857 ரூபாய் என்ற கணக்கை முதல் பக்கத்திலேயே போட்டு, அவரவர் கட்டிய ரசீதுகளையும் சேர்த்து அனுப்புங்கள்.