காத்திருக்கும் நேரம் யாருடையது?



தோட்டத் தொழிலாளிக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று பேசுவோர் இன்றும் உண்டு. யாருக்குத் தெரியாது? விடியுமுன் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும்; வெயில் ஏற ஏறப் பால் வரத்துக் குறையும். இதை அறிந்துதானே, ஊர் உறங்கும்போதே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி, உளியோடு நிரைக்குள் நுழைகிறோம்! நமக்குக் கடிகாரம் பார்க்க எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கேள்வி வேறு. வேலை தடைபட்டால் அந்த நேரம் யார் கணக்கில் நட்டமாகிறது?

நெகிரி செம்பிலானில் சிரம்பான் முதல் பகாவ் வரை மழையின் போக்கை அறியாதவர் இல்லை. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பெருமழை. நடு ஆண்டிலோ ‘சுமத்ரா’ காற்று விடியற்காலையில் கொட்டித் தீர்க்கும். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டியபின் பெய்தாலோ மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு போகும்.

பெரட்டுக்கு வந்தவனை, மழை விடட்டும் என்று நிறுத்திவைப்பது. இரண்டு மணி நேரம் கழித்து, வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்புவது. செக்ரோலில் பேர் போடாமல் விடுவது! வேறு வேலைக்கும் போக முடியாமல் அவன் நின்ற நேரம் காற்றிலே கரைந்துவிட்டதா?

மழைக்கு முதலாளி எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். தொழிலாளி மட்டும் எப்படிப் பொறுப்பாவான்? மரம் முதலாளியுடையது, வெட்டுப்பட்டைக்கு மேல் மழைத்தடுப்புக் கட்டும் வசதியும் அவருடையது. இலாபம் அவருக்கு, மழை நமக்கா?

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படியுங்கள். நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தரவேண்டும். தர இயலாவிட்டால், வேலை செய்ய மனமும் உடல்நலமும் கொண்டு அவன் தயாராயிருந்த அந்நாட்களுக்குக் கூலி தரவேண்டும். பெரட்டில் வந்து நிற்பதைவிட மனத்துக்கு வேறு சாட்சி எது? 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. துண்டுக்கூலி, எடைக்கூலி என்று பெயர் மாற்றி அதைத் தட்டிக்கழிக்க இடமில்லை. கடல் கடந்து வந்து நம்மோடு மரம் வெட்டும் தோழருக்கும் இதே உரிமைதான்.

ஆனால் சட்டம் தானாக நடந்து லயத்துக்கு வராது. சான்று வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டு வையுங்கள். பெரட்டுக்கு வந்த நேரம், மழை விட்ட நேரம், திருப்பியனுப்பிய நேரம், பால் நிறுக்க வரிசையில் நின்ற நேரம் ஆகிய நான்கையும் தேதியோடு எழுதுங்கள். மாதக் கடைசியில் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.

கிராணி நண்பர்களே! கணக்கெழுத உட்கார்ந்தால் பத்து பேர் கூப்பிடுவதும், அந்த வேலையை இரவில் முடிப்பதும் உங்களுக்குப் புதிதல்ல. பறிபோகும் நேரத்தின் வலி உங்களுக்கும் தெரியும். ஆகவே வந்தவன் பேரை வந்தவன் என்றே எழுதுங்கள். அது சலுகையல்ல, உண்மைக் கணக்கு.

பல சங்கங்களாகப் பிரிந்து கிடந்தோர் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுகூடியது, தனி ஆளாய்க் கேட்டால் கிடைக்காததை ஒன்றாய்க் கேட்டுப் பெறத்தான். காத்திருந்த நேரமும் உழைத்த நேரமே. அதற்கும் கூலி கேட்போம்!