பாட்டில் என்ன ஃபிக்ஸட் டெபாசிட்டா?

டிஸ்கி: குடிக்காதவர்கள் அப்படியே இருங்கள், ரொம்ப நல்லது. இது வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காதவர்களுக்கு.

போன சனிக்கிழமை நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. இலை போடும் முன் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். ஸ்பிரிங்பேங்க் 10, லாங்ரோ, கில்கெரன் 12. மூன்றும் ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுன் சரக்கு. வாயைப் பிளந்துவிட்டேன். எப்ப சார் திறக்கப் போறீங்க என்றால் சிரிக்கிறார். "திறக்கறதா? இது இன்வெஸ்ட்மென்ட் சார். வருஷம் ஆக ஆக மதிப்பு ஏறும்ல?"

அங்கே கோபப்பட முடியவில்லை, வீட்டம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அதனால் இங்கே.

விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாயில் மட்டும்தான். லேபிளில் உள்ள 10 என்பது பாட்டிலுக்குள் போனதிலேயே மிக இளைய விஸ்கியின் வயது. கண்ணாடிக்குள் வந்த அன்றே வட்டி நின்றுவிட்டது. இன்னும் 20 வருஷம் அலமாரியில் வைத்தாலும் அது 10 வருஷச் சரக்குதான். சரி, விலை ஏறுமே என்பீர்கள். ஏறட்டும், யாரிடம் விற்பீர்கள்? லைசென்ஸ் இல்லாமல் மது விற்றால் நம்மூரில் கலால் துறை வரும். வட்டியும் இல்லை, முதிர்வும் இல்லை. இப்படி ஒரு டெபாசிட்டை நான் கவுன்ட்டரில் விற்றிருந்தால் என்னைச் சும்மா விடுவீர்களா?

அதுவும் கேம்பெல்டவுனை இப்படிப் பூட்டி வைப்பதுதான் வயிற்றெரிச்சல். கிண்டயர் தீபகற்பத்தின் தென்கோடியில் ஒரு சின்னத் துறைமுக ஊர். 1880களில் ஆல்ஃப்ரட் பர்னார்ட் என்ற பத்திரிகைக்காரர் போனபோது அங்கே 21 டிஸ்டில்லரிகளைப் பார்த்து எழுதினார். பிறகு பிளெண்டட் விஸ்கிக்காரர்கள் ஸ்பேசைட் பக்கம் சாய்ந்தார்கள். 1920ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. அவசரத்துக்கு வடித்த மட்டச் சரக்கால் பெயரும் கெட்டது. 1930களின் நடுவில் மிஞ்சியவை இரண்டே இரண்டு, ஸ்பிரிங்பேங்கும் க்ளென் ஸ்கோஷியாவும். 1925ல் மூடிய க்ளென்கைலை 2004ல் ஸ்பிரிங்பேங்க் முதலாளிகள்தான் மறுபடி ஓட்டினார்கள். கில்கெரன் அங்கிருந்து வருகிறது. ஸ்பிரிங்பேங்கில் இன்றைக்கும் பார்லியைத் தரையில் பரப்பி, ஆள் நின்று கிளறித்தான் முளைகட்டுகிறார்கள். இத்தனை பாடும் உங்கள் ஷோகேஸுக்கா?

ஸ்பிரிங்பேங்க் 10 எப்படி இருக்கும் தெரியுமா? 46%. நிறம் சேர்ப்பதில்லை, குளிரவைத்து வடிகட்டுவதில்லை. மூக்கருகே கொண்டுபோனால் ஈரச் சணல் கயிறு, படகுத்துறை, லேசான புகை. நாக்கில் எண்ணெய் மாதிரி படியும். இனிப்பு முதலில், உப்பு பின்னால். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் பழவாசனை எட்டிப் பார்க்கும். லாங்ரோ அதே இடத்தில் வடித்ததுதான், ஆனால் புகை அடுப்படி மாதிரி சூழும். கில்கெரன் 12 கொஞ்சம் சாது. என் ஓட்டு கில்கெரனுக்கு. பக்கத்தில் வறுத்த முந்திரி போதும், தயவுசெய்து மிளகாய் பஜ்ஜி வேண்டாம்.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் இல்லை. நாக்பூரில் இருந்தபோது ஒரு ஸ்பிரிங்பேங்கை நாலு வருஷம் பரணில் ஒளித்து வைத்தேன், அதுவும் ஒயின் மாதிரி படுக்கவைத்து. விஸ்கியை நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும், இல்லையென்றால் சாராயம் கார்க்கை அரித்துவிடும் என்று அப்போது தெரியாது. பக்கத்து ஃப்ளாட் அண்ணன் ரெண்டு தடவை கேட்டார், "எப்பய்யா திறப்பே?" பையன் கல்யாணத்துக்கு என்று தள்ளிப்போட்டேன். அவன் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் குவஹாத்திக்கு மாற்றலாகிப் போனார். அந்தக் கோடையில் இறக்கிப் பார்த்தால் கார்க் நொறுங்கி, பாதிச் சரக்கு அட்டைப்பெட்டி குடித்திருந்தது. மீதியை டீ வடிகட்டியில் வடிகட்டித் தனியாக உட்கார்ந்து குடித்தேன். ருசியே இல்லை.

வரும் சனிக்கிழமை அலமாரிக்காரர் நம் வீட்டுக்கு வருகிறார். என்னிடம் இருக்கும் ஒரே கில்கெரனை இப்போதே திறந்து ஒரு பெக் ஊற்றிவிட்டேன், கடைசி நேரத்தில் எனக்கும் புத்தி மாறக்கூடாது பாருங்கள்.