கடாரம் மேடைக்கு மட்டுமா?

தமிழ் விழா எதுவாயினும், மேடையேறுவோருள் ஒருவரேனும் ‘கடாரங்கொண்டான்’ என்று முழங்காமல் இறங்குவதில்லை. அரங்கும் அதிரக் கைதட்டுகிறது. தட்டிய கைகளுள் எத்தனை, பூஜாங் பள்ளத்தாக்கின் கல் ஒன்றையேனும் தொட்டுப் பார்த்தவை? பாயான் லெப்பாசிலிருந்து பாலம் கடந்து வடக்கே சென்றால் மெர்போக் ஒரு காலைப் பொழுதுப் பயணமே. எனினும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் நீர் விளையாட்டுப் பூங்காக்களை நோக்கியே ஓடுகின்றன.

இடைவழியில் கோலா மூடா உள்ளது. பினாங்குக்கும் கெடாவுக்கும் எல்லையிட்டு ஓடும் மூடா ஆறு கடலொடு கலக்கும் அமைதியான கழிமுகம் அது. பினாங்குக் கரையில் மீன் ஏலம் கூவி நடப்பதில்லை. வாங்குவோர் விற்பவர் செவியில் விலையைக் கிசுகிசுப்பர். (மேடைப் பேச்சாளர்கள் அவசியம் காணவேண்டிய சந்தை!) எதிர்க்கரையான கோத்தா கோலா மூடா, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய ஊர். அங்கிருந்து வடக்கே நோக்கினால் 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு அம்மலையே அடையாளம். அதன் அடியிலுள்ள மெர்போக் கழிமுகமே, பருவக்காற்று மாறும்வரை கலங்கள் காத்திருந்த துறை. கடாரம் ஏன் அவ்விடத்தில் தோன்றிற்று என்பதை ஒரு மாணவன் பாடநூலில் பத்து முறை படித்தாலும் பெறாத தெளிவை, அக்கரையில் ஒரு முறை நின்றால் பெறுவான்.

ஆயின், அழைத்துச் செல்லும் சில ஆசிரியர்களும் அங்கே செய்வது என்ன? “இவையெல்லாம் இராசேந்திர சோழன் கட்டியவை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். இது வரலாறன்று. சோழர் படையெடுப்பு 1025இல் நிகழ்ந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே பௌத்தம் வேரூன்றியிருந்தது. 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமியுடையது. எழுத்து தென்னாட்டு வகை, மொழியோ வடமொழி. படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னர்க் கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுந்ததும், இராசராசன் அதற்கு ஓர் ஊரையே வழங்கியதும் ஆனைமங்கலச் செப்பேடு கூறும் செய்திகள். வென்ற கதையைச் சொல்வோர் இந்த நட்பின் கதையை ஏன் மறைக்க வேண்டும்? பொய்ப் பெருமை ஊட்டப்பட்ட மாணவன், பிறமொழியாளர் ஒருவர் சான்று கேட்ட மாத்திரத்தில் வாயடைத்து நிற்பான். பட்டினப்பாலையில் காழகம் என்னும் பெயர் வருவதை அறிந்தவனுக்கு இல்லாத பெருமை எதற்கு?

முழக்கத்தின் பயனை 2013 காட்டிற்று. பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண்ணிட்ட சண்டியின் எச்சம் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. கண்டனங்கள் குவிந்தன, இடித்தபின் குவிந்தன. இடிந்த நாளில் அறிந்து உடனே குரல் கொடுக்க, அவ்விடத்தை ஆண்டுதோறும் பார்த்துவந்த தமிழ்ப்பள்ளி ஒன்றேனும் இருந்திருக்குமானால்! 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் ஏட்டில் இருந்தது. காவலுக்குக் கண்கள் இல்லை.

“தேர்வு நெருக்கடி, நேரமேது?” என்பர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி அச்சாக்குச் செல்லாது. “பார்ப்பதற்கு அடித்தளம் தவிர என்ன இருக்கிறது?” என்பாரும் உளர். புக்கிட் பத்து பகாட் சண்டியில் கருவறையும் மண்டபமும் பிரியும் இடத்தைக் காணலாம். கூரையைத் தாங்கிய தூண்களின் கற்பீடங்கள் வரிசையாக நிற்கின்றன. மேலிருந்த மரம் மட்கிப்போயிற்று. அளவுநாடா ஒன்றும் வரைதாளும் கொடுத்தால், ஆறாம் ஆண்டு மாணவனே அதன் தரைப்படத்தை வரைந்துவிடுவான். அப்படி வரைந்த படங்கள் பள்ளிதோறும் தேதியிட்டுச் சேர்க்கப்படட்டும். அடுத்த சண்டியின்மேல் இயந்திரம் ஏறும் நாளில் எடுத்து நீட்ட, கைத்தட்டலைவிட வலிய சான்று அதுவே.